நீ நிற்கும் இடம்தான் கூகுளுக்குக் கணக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரில் வீடு அமைந்து, தங்கச்சியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

நேரே உன் கேள்விக்கு வருகிறேன். "ஊரில் விட்டுவந்த பி.எஃப். பணத்தை எடுப்பது எப்படி என்று தேடினால் மலேசியாப் பக்கமாகவே கொட்டுகிறது, கூகுளுக்கு என்ன ஆயிற்று?" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நீ அடித்தது ஈ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) என்ற மூன்றே எழுத்து. அந்தப் பெயரில் மூன்று நாட்டில் மூன்று நிதி இருக்கிறது. மலேசியாவில் 1951-இல் தொடங்கியது, இந்தியாவில் 1952-இல் சட்டம் வந்தது, இலங்கையில் 1958-இல். சம்பளத்தில் தொழிலாளி பங்காக எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டால் இந்தியாவில் 12 சதவீதம், அறுபது வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு 11, இலங்கையில் 8. மூன்று பதிலும் சரிதான். எதை மேலே வைப்பது? கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து அந்த நாட்டுப் பதிலை மேலே வைக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஈ.பி.எஃப். என்று தேடுகிற பெரும்பாலோருக்கு வேண்டியது மலேசியக் கணக்கு. உனக்கு மட்டும் அது வேண்டாம்.

நீ எங்கே நிற்கிறாய் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? போனில் லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ், பக்கத்து வைஃபை, செல் கோபுரம் எல்லாம் சேர்ந்து துல்லியமாகச் சொல்லிவிடும். அனுமதி இல்லாவிட்டாலும் ஐபி முகவரி இருக்கிறது, அதாவது இணையத்தில் சேரும்போது உன் இணைப்புக்குக் கிடைக்கும் எண். எந்த இணைய நிறுவனத்துக்கு எந்த ஐபி தொகுதி ஒதுக்கப்பட்டது என்பதை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தவறாது. ஊரைக் கண்டுபிடிப்பதில்தான் சறுக்கும். இவை தவிர, கணக்கில் நுழைந்திருந்தால் 'வீடு', 'அலுவலகம்' என்று நீ குறித்துவைத்த இடங்களும் பழைய தேடல்களும் உண்டு. தேடல் முடிவுப் பக்கத்தின் அடிமட்டம் வரை இறங்கிப் பார். ஓர் ஊர்ப் பெயரும், அது ஐபியிலிருந்து வந்ததா, உன் கருவியிலிருந்து வந்ததா, பழைய செயல்பாட்டிலிருந்து வந்ததா என்ற குறிப்பும் இருக்கும். தேடல் கோணலாகத் தெரியும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரிதான். பலர் அதைப் பார்க்காமலே செட்டிங்ஸைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

அங்கே எழுதியிருப்பது பொருந்தாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடும், அதாவது உன் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்துக் கணினி வழியாகத் திருப்பிவிடும் இணைப்பு. நிறுவனத்தின் வெளிவாசல் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால் நீயும் அங்கே இருப்பதாகத்தான் கணக்கு. இன்னொன்று ரோமிங். இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்து டேட்டா எடுத்தால், வழக்கமாக அது இந்திய நிறுவனத்தின் பிணையம் வரை போய் அங்கிருந்துதான் இணையத்துக்குள் இறங்கும். ஐபி இந்திய ஐபி. அதனால்தான் வந்த முதல் வாரம் எல்லாம் ஊரில் தேடுவது போலவே இருந்திருக்கும்; உள்ளூர் சிம் போட்ட அன்றைக்கு நாடு மாறியிருக்கும்.

நீ செய்து பார்த்ததாக எழுதியிருக்கும் இரண்டும் ஏன் பலிக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். கூகுள் டாட் கோ டாட் இன் என்று அடித்துப் போவது 2017 அக்டோபர் வரைக்கும்தான் செல்லுபடியானது. அதுவரை முகவரியின் வால்தான் நாட்டைத் தீர்மானித்தது. அதன்பிறகு எந்த வாலைப் போட்டாலும் நிற்கும் இடத்துக்கான முடிவுதான். 2025 ஏப்ரலில் அந்த நாட்டு வால்களையே ஓரங்கட்டி எல்லோரையும் டாட் காமுக்குத் திருப்பிவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்தது இன்காக்னிட்டோ, உலாவியின் தனிப்பட்ட சாளரம். அது உன் குக்கியையும் (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) கணக்கையும்தான் மறைக்கும், ஐபியை மறைக்காது. பத்து இன்காக்னிட்டோ திறந்தாலும் நீ கோலாலம்பூரில்தான் இருப்பாய்.

பலிக்கிற வழிகளில் எனக்குப் பிடித்ததும் மிக எளியதும் இதுதான்: அந்த நாட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லைத் தேடலோடு சேர்த்துவிடு. 'இந்தியா' என்று சேர்த்தாலே பாதி வேலை முடியும். அதைவிட 'யுஏஎன்' சேர்ப்பது நல்லது. உறுப்பினருக்கு அந்தப் பெயரில் எண் கொடுப்பது இந்திய நிதி. 'படிவம் 19' என்று சேர்த்தால் இன்னும் குறுகும். கடைசிக் கணக்கு முடிப்பதற்கான இந்தியப் படிவம் அது. மறுபக்கம், மலேசிய நிதியைத் தேடினால் அதன் மலாய்ப் பெயர்ச் சுருக்கமான 'கேடபிள்யூஎஸ்பி'. அங்கே 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்கள், அதனால் அந்த மூன்றில் ஒன்றான 'அக்காவுன் ஃப்ளெக்சிபெல்' என்று போட்டால் புதுப் பக்கங்களே வரும். இலங்கைக்கு 'ஈடிஎஃப்' (அங்குள்ள ஊழியர் நம்பிக்கை நிதி) சேர்த்தால் போதும், அங்கே இரண்டு நிதியையும் சேர்த்தே பேசுவார்கள்.

இரண்டாவது வழி, தளத்தைக் கட்டுவது. ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜிஓவி டாட் ஐஎன். பிறகு ஓர் இடைவெளி விட்டு உன் தேடல் சொற்கள். இந்திய அரசுத் தளங்கள் மட்டும் வரும். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டுவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும், பாதிப் பேர் தவறுவது அங்கேதான். பணம் சம்பந்தமான எதற்கும் இந்த வழியையே பழக்கமாக்கிக்கொள். பி.எஃப். எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் இடைத்தரகர்களின் தளங்கள் முடிவுகளிலிருந்து வடிகட்டப்பட்டுவிடும்.

செட்டிங்ஸ் வழியும் உண்டு. தேடல் செட்டிங்ஸில் 'மொழியும் பகுதியும்' என்ற இடத்தில் 'முடிவுகளுக்கான பகுதி' என்பதை இந்தியாவாக மாற்றலாம். ஆனால் அது நாட்டளவில்தான் வேலை செய்யும். 'பக்கத்தில் மருந்துக்கடை' என்று தேடினால் அப்போதும் கோலாலம்பூர் கடைதான் வரும், வரவும் வேண்டும். கணக்கில் நுழையாமல் மாற்றினால் அந்தத் தேர்வு குக்கியில் நிற்கும். குக்கியைத் துடைத்தால் போய்விடும். ஒரே ஒரு தடவைக்கு மட்டும் வேண்டுமென்றால், முடிவு வந்த பக்கத்தின் முகவரிக் கடைசியில் & குறி, ஜிஎல் என்ற இரண்டு ஆங்கில எழுத்து, சமக்குறி, ஐஎன் என்று சேர்த்து என்டர் தட்டு. ஜிஎல் என்பது நாடு. ஹெச்எல் என்று இன்னொன்று வரும், அது பக்கத்தின் பட்டன்களும் தலைப்புகளும் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஹெச்எல்லில் தமிழ் போட்டுவிட்டு "நாடு மாறவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு.

டக்டக்கோ என்ற வேறு தேடுபொறி என்றால் இத்தனை சுற்று வேண்டாம். முடிவுகளுக்கு மேலேயே நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கிறது, தட்டினால் முடிந்தது. பிங்கிலும் செட்டிங்ஸில் நாட்டை மாற்றலாம். விபிஎன்னைக் கடைசிக்கு வை. சில இந்திய அரசுத் தளங்கள் வெளிநாட்டு ஐபியைக் கண்டால் திறக்காது. அதற்கு மட்டும் அது தேவைப்படலாம். இலவச விபிஎன்னில் ஆதார், வங்கி விவரம் எதையும் அடித்துவிடாதே.

தமிழில் தேடினால் நிலைமை வேறு. மொழி வேறு, நாடு வேறு என்பது தேடுபொறிக்குத் தெரியும், ஆனால் தமிழ்ப் பக்கங்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்படுவது. அதனால் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து 'மருத்துவமனை' என்று தேடுகிறவருக்குத் தமிழ்நாட்டுப் பக்கங்கள் குறுக்கே வரும். 'வைத்தியசாலை' என்று தேடினால் இலங்கைப் பக்கம் மேலே ஏறும். 'கிராம நிர்வாக அலுவலர்' என்றால் இங்கே, 'கிராம உத்தியோகத்தர்' என்றால் அங்கே. சொல்லே நாட்டைச் சொல்லிவிடுகிறது. நாடு பார்த்துக் கொடுத்தும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு, தங்கச்சியிடம் சொல். திங்கட்கிழமை ராகு காலம் என்று தேடினால் ஏழரை முதல் ஒன்பது என்றுதான் பல பக்கங்களில் வரும். அது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்த கணக்கு. பகலை எட்டாகப் பிரித்து அதில் இரண்டாவது பங்கு. கோலாலம்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான், ஆகவே அங்கே அது ஏறத்தாழ எட்டரை முதல் பத்து. தேடலில் 'கோலாலம்பூர்' என்று சேர்க்கச் சொல். உதயநேரம் போட்டுக் கணக்கிடும் பக்கம் வரும்.

"வேண்டுமென்றே மறைக்கிறார்களா?" என்றும் கேட்டிருந்தாய். சட்டத்துக்காக மறைப்பது உண்டு, அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதம், ஒருவரின் பெயரைத் தேடும்போது வரும் பழைய, பொருந்தாத இணைப்புகளை நீக்கும்படி அவர் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. உலகம் முழுக்க நீக்க வேண்டுமா என்ற வழக்கில், ஐரோப்பியச் சட்டப்படி அது கட்டாயமில்லை என்று 2019 செப்டம்பரில் சொன்னது. ஆகவே பாரிஸில் காணாமல் போன இணைப்பு மதுரையில் தெரியலாம். இந்தியாவில் கருவின் பாலினம் அறிவது தொடர்பான தேடல் சொற்களையும் விளம்பரங்களையும் தடுப்பதாக கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டன. வரைபடம் தனிக் கதை. காஷ்மீர் எல்லை இந்தியாவிலிருந்து பார்த்தால் முழுக்கோடு, வெளியிலிருந்து பார்த்தால் புள்ளிக்கோடு. அங்கிருந்தே திறந்து பார், தெரியும்.

இனி உன் மச்சான் விஷயம். சுங்குடிப் புடவைக் கடைத் தளத்தை மலேசியாவில் மேலே கொண்டுவர வேண்டும் என்கிறார். அவர் வைத்திருப்பது டாட் இன் முகவரி. அந்த வால் 'இது இந்தியாவுக்கான தளம்' என்று தேடுபொறிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டாட் கோ, டாட் ஐஓ, டாட் டிவி போன்றவையும் நாட்டு வால்கள்தான், ஆனால் கூகுள் அவற்றைப் பொதுவாகவே எடுத்துக்கொள்கிறது. டாட் இன்னுக்கு அந்தச் சலுகை இல்லை. டாட் காம் வாங்கி, அதற்குள் மலேசியாவுக்கு ஒரு தனி உள்பிரிவு வைப்பது செலவு குறைந்த வழி. தளம் நடத்துபவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யூடியூபில் யாராவது சொன்னால் அது பழைய வீடியோ. அந்த வசதியை 2022-இல் எடுத்துவிட்டார்கள்.

தளம் கட்டும் பையனிடம் 'ஹெச்ரெஃப்லாங்' குறிப்பு போடச் சொல். இந்தப் பக்கம் இந்த மொழிக்கு, இந்த நாட்டுக்கு என்று சொல்லும் வரி அது. முதலில் மொழிக் குறியீடு, சிறுகோடு, பிறகு நாடு. தமிழுக்கு டிஏ, மலேசியாவுக்கு எம்ஒய். மொழியை விட்டுவிட்டு எம்ஒய் மட்டும் போட்டால் அது பர்மிய மொழி என்று அர்த்தமாகிவிடும். எஸ்ஜி மட்டும் போட்டால் சிங்கப்பூர் ஆகாது, மத்திய ஆப்பிரிக்காவின் சாங்கோ மொழி! பிரிட்டனுக்கு யூகே போடுவார்கள், சரியானது ஜிபி. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்து எல்லா மாற்றுப் பக்கங்களையும் குறிப்பிட வேண்டும். இந்தியப் பக்கம் மலேசியப் பக்கத்தைக் காட்டி, மலேசியப் பக்கம் திருப்பிக் காட்டாவிட்டால் கூகுள் அந்த இணைப்பையே கணக்கில் கொள்ளாமல் போகலாம். இது தரவரிசையை ஏற்றாது. எந்த நாட்டவருக்கு எந்தப் பக்கம் என்று மாற்றிக் கொடுக்கும், அவ்வளவே. இரண்டு பக்கமும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் ஒன்றை நகல் என்று ஒதுக்கவும் செய்யும். மலேசியப் பக்கத்தில் விலை ரிங்கிட்டில் இருக்கட்டும், அஞ்சல் செலவு, எத்தனை நாளில் வரும், திருப்பி அனுப்பினால் யார் செலவு என்பதும் அந்த நாட்டுக்கு ஏற்ப எழுதட்டும்.

ஐபி பார்த்துத் தானாகவே வேறு பக்கத்துக்குத் தள்ளும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கூகுளின் தேடும் நிரல் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்து வருகிறது. அதையும் அமெரிக்கப் பக்கத்துக்கே தள்ளிவிட்டால் மலேசியப் பக்கத்தை அது பார்க்கவே பார்க்காது. மேலே ஒரு பட்டையில் 'மலேசியாவிலிருந்து பார்க்கிறீர்களா? இங்கே தட்டுங்கள்' என்று வைத்தால் போதும். விளம்பரம் கொடுப்பதாக இருந்தால், இட அமைப்பில் 'அங்கே இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை 'இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றச் சொல். இல்லாவிட்டால் சென்னையில் உட்கார்ந்து மலேசியாவைப் பற்றித் தேடுகிறவர் தட்டும் தட்டுக்கும் மச்சான்தான் காசு கொடுப்பார்.

யுஏஎன் போட்டுத் தேடியதில் என்ன வந்தது என்று எழுது. மச்சான் தளத்தின் முகவரியையும் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாலு