முதல் தகவல் அறிக்கை படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியர் வேண்டும்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நெல்லைச் சீமையில் சமூக நீதி, மனித உரிமைகள் பாடத்துக்குப் பேராசிரியர் ஒருவரை எடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் விண்ணப்பதாரன் இல்லை. எனக்கு வேண்டியவர் எவரும் விண்ணப்பிக்கவும் இல்லை. பாளையங்கோட்டையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு திரிகிற வழக்கறிஞன். யோசனை சொல்வது தொழில். கேட்காமலே சொல்வதால் கட்டணம் கிடையாது.

போன ஆண்டு என்னிடம் ஜூனியராக ஒரு பையன் சேர்ந்தான். மனித உரிமைகளில் முதுகலை முடித்துவிட்டுச் சட்டம் படித்தவன். 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 உறுப்புகளையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பான். களக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாவின் முதல் தகவல் அறிக்கை நகலை அவனிடம் கொடுத்து, “இதில் என்ன குறைகிறது, பார்” என்றேன். இரண்டு முறை படித்தான். ஓர் எழுத்துப் பிழையைக் காட்டினான்.

அதில் விடுபட்டிருந்தது ஒரு வரி. தெருக்குழாயடியில், பத்துப் பேர் குடத்தோடு நிற்கும்போது, சாதிப் பெயரைச் சொல்லி அந்த அம்மாவை ஏசியிருக்கிறார்கள். அவர் வாயால் சொன்னதை எழுதிக்கொண்ட காவலர் “அசிங்கமாகத் திட்டி” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசிய குற்றம் நிற்க வேண்டுமானால், என்ன சொல்லி ஏசினார்கள் என்பதும் வேண்டும், பொதுமக்கள் பார்வையில் நடந்தது என்பதும் வேண்டும். குழாயடி தாளில் ஏறவில்லை. குடத்தோடு நின்ற பத்துப் பேரும் ஏறவில்லை. ஆனால் குடத்தால் அடித்தது அந்த அம்மாதான் என்று எதிர்த்தரப்பு அன்று மாலையே கொடுத்த புகார் அடுத்த எண்ணில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. நீதிமன்ற வளாகத்தில் இதற்குக் ‘கவுன்ட்டர் கேஸ்’, அதாவது எதிர்வழக்கு, என்று பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சமாதானம் பேச வருவார்கள்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு ஐந்தாண்டு பாடம் நடத்தியவர்கள் இப்படி ஒரு தாளைக் கண்ணில் காட்டியதே இல்லை. அவர்களே பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

உங்கள் கையில் இருக்கும் அளவுகோல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள்: முனைவர் பட்டம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 10 ஆண்டு அனுபவம், ஆய்வு மதிப்பெண் 120. இதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆய்வு ஒழுங்கு இல்லாத களப்பணியாளர்களையும் பார்த்திருக்கிறேன். சம்பவ ஊருக்கு முதல் ஆளாகப் போய்வந்து, அறிக்கையில் தேதியை மாற்றிப் போட்டு, வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவல் கொடுத்தவர்கள் உண்டு. அதே விதிமுறைகளில் இன்னொரு வாசலும் இருப்பதைத்தான் நினைவூட்டுகிறேன். முனைவர் பட்டமும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே 10 ஆண்டு அனுபவமும், தம் துறைக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்பும் உள்ள ஒருவரையும் பேராசிரியராக எடுக்கலாம். அந்த வாசலில் ஒட்டடை படிந்து கிடக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. சேரன்மகாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்கென்று போட்ட தனிப்பந்தி 1920களில் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. கொக்கிரகுளத்தில் 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் தடியடி நடந்தது. தாமிரபரணி ஆற்றில் 17 பேர் இறந்தார்கள். ஒரு குழந்தையும் அதில் சேர்த்தி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டிவரும் வண்ணக் கயிறு வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. அந்தக் கயிறு பன்னிரண்டாம் வகுப்போடு அவிழ்ந்துவிடுவதில்லை, உங்கள் வளாகத்துக்குள்ளும் வரும். வரப்போகிற பேராசிரியர் கடைசி பெஞ்சில் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாரா? நேர்காணலில் கேளுங்கள். மாஞ்சோலை நிகழ்வை விசாரித்த நீதிபதி மோகன் ஆணையத்தின் அறிக்கையைப் படித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஒரே ஒரு பணியிடம் உள்ள பிரிவில் இட ஒதுக்கீடு கூடாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துறை சிறியது, பதவியும் ஒன்றுதான் என்று இதைத் தனியே நிறுத்தினால், 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் சமூக நீதிப் பேராசிரியர் பதவியே இட ஒதுக்கீட்டுக்கு வெளியே போய்விடும். இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலில் இந்த இடம் எந்தப் பிரிவுக்கு விழுகிறது என்பதை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், பதினோரு மாத ஒப்பந்தம் வேண்டாம். மே மாதச் சம்பளம் கிடைக்காத ஒருவர் மே தினத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் கூத்தை நாம் பார்க்க வேண்டாம்.

நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் பவர்பாயிண்ட் கேட்காதீர்கள். ஆளுக்கொரு முதல் தகவல் அறிக்கை நகலைக் கொடுத்து, கால் மணி நேரம் படிக்கவிட்டு, அரை மணி நேரம் தமிழில் பேசச் சொல்லுங்கள். பின்வரிசையில் மாணவர்கள் நாலைந்து பேரை உட்கார வையுங்கள். குழாயடி எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பவர் யார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நகல்கள் என் அலுவலக அலமாரியில் நிறையவே இருக்கின்றன. பெயர், ஊர், எண் எல்லாவற்றையும் மறைத்துத் தருகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் அனுப்புங்கள். அதற்கு முன் நீதிமன்றத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வழக்கறிஞன் ஒருவன்