உயர் இனப் பசுவா, உயர் இன விந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பால்மா இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வெளிநாட்டுக் கறவைப் பசுக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் யோசனையே முன்னுக்கு வருகிறது. 20,000 பசுக்களுக்குத் திட்டமிட்டு 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 பசுக்களை இலங்கையில் இறக்கினோம். வாங்கிய பண்ணையாளர் பலருக்குப் பசுவும் மிஞ்சவில்லை, கடனும் தீரவில்லை. இனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அதை எங்கே கட்டினோம் என்று பார்க்க வேண்டும்.

வெப்பம் 25 பாகையைத் தாண்டினாலே பிறீசியன் இனக் கறவைப் பசுவுக்குச் சிரமம். குளிரான மலையகத்து அம்பேவெலவில் அது சுகமாக நிற்கும். உலர் வலயத்தில் பகலில் 32 பாகை என்றால் மாடு படுக்காது, அசைபோடாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பாலும் இறங்கும், பருவ அறிகுறி வெளியே தெரியாமல் போவதால் சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். தாழ்வான தகரக் கூரைக் கொட்டில் என்றால் கேட்கவே வேண்டாம்.

தீனிக் கணக்கையும் பாருங்கள். 550 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 18 கிலோ உலர்பொருள் தேவை. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். புல்லை மட்டும் போட்டுச் சமாளிக்க 80 கிலோவுக்கு மேல் வெட்ட வேண்டும். அவ்வளவையும் அதன் வயிறு கொள்ளாது. ஆகவே செறிவுத்தீவனம் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். வீதியோரக் கினிப்புல்லை நம்பி 20 லீற்றர் பாலை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

உண்ணிக் காய்ச்சல்தான் ஆளைக் கவிழ்ப்பது. நம் நாட்டு மாடு கன்றுப் பருவத்திலேயே அதைச் சந்தித்து எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். சினையோடு வந்திறங்கும் நாகு முதன்முறையாக அதற்கு ஆளாகிறது. இதில் பபேசியா, அனபிளாஸ்மா என இரண்டு வகை. பபேசியா என்றால் கடுங்காய்ச்சல், கோப்பி நிறத்தில் சிறுநீர். அனபிளாஸ்மாவில் சிறுநீர் நிறம் மாறாது. ஈறு வெளிறும்வரை யாரும் கவனிப்பதில்லை. பபேசியாவுக்குப் போடும் டிமினசீன் ஊசி அனபிளாஸ்மாவுக்கு வேலை செய்யாது. அதற்கு ஒக்சிடெற்றாசைக்கிளின் வேண்டும். காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்த்துவிட்டே மருந்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இத்தனை பாட்டைவிட விந்தைத் தருவிப்பது எவ்வளவோ மேல். உள்ளூர்ப் பசுவுக்கு ஜேர்சி என்ற வெளிநாட்டுக் கறவை இனத்தின் விந்தைச் செலுத்தினால் பிறக்கும் கன்று, பாதி இரத்தத்தோடு, இங்குள்ள வெயிலையும் உண்ணியையும் அறிந்தே வளரும். அந்தக் கன்று வளர்ந்ததும் அதற்கு மறுபடியும் தூய ஜேர்சி விந்து போட்டு இரத்தத்தை முக்காலாக்குவது மலையகத்துக்குச் சரி. உலர் வலயத்தில் அந்தக் கட்டத்தில் வெயில் தாங்கும் சாஹிவால் இனம் கலந்த காளையின் விந்தே பொருத்தம்.

கவனக்குறைவால் இதுவும் கெடும். மறை 196 பாகையில் திரவ நைதரசனில் இருக்கும் விந்துக்குழாயை 35–37 பாகை நீரில் அரை நிமிடமாவது வைத்து இளக்கி, உடனே செலுத்த வேண்டும். காலையில் பருவம் கண்ட பசுவுக்கு மாலையில், மாலையில் கண்டதற்கு மறுநாட் காலையில். குழாயில் அச்சிட்டிருக்கும் காளை இலக்கத்தைப் பசுவின் அட்டையில் எழுதாவிட்டால், சில வருடங்களில் மகளுக்கே தகப்பன் விந்து போய்ச்சேரும். மிருக வைத்திய அலுவலகங்கள் முதலில் அந்த அட்டையைக் கட்டாயமாக்கட்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06