யூனியன்டேல் சாலையும் நம் ஷீலாவும்

அன்புள்ள சரோஜா,

பேத்தியைப் பார்க்க, தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கோடியில் இருக்கும் ஜார்ஜ் ஊருக்குப் போய்விட்டு, ஜோகன்னஸ்பர்க் பக்கம் நம் லெனேசியாவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. குழந்தை அப்படியே மருமகன் ஜாடை, மூக்கு மட்டும் நம் பக்கம். படங்களைப் பெரியவன் உன் போனுக்கு அனுப்புவான். அதைவிட உனக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. போகிற வழியில் யூனியன்டேல் பேய் ரோட்டில் போனோம்.

கோல்ஸ்பர்க்கில் என்1 நெடுஞ்சாலையை விட்டு என்9-ஐப் பிடித்தால் கிராஃப்-ரைனெட், அபர்டீன், வில்லோமோர் என்று கரூ பொட்டலின் நடுவே ரோடு நீண்டுகொண்டே போகும். வில்லோமோருக்கும் யூனியன்டேலுக்கும் இடையில்தான் அந்த இடம். 1968 ஏப்ரல் 12, புனித வெள்ளி. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் வந்திருக்கிறார்கள். அவன் ஓட்ட, மரியா என்ற அந்தப் பெண் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி நிலைதடுமாறிக் கவிழ்ந்தது, அவள் செத்துப்போனாள்.

1976 ஈஸ்டரில் ஒருவர் அங்கே கைகாட்டிய கருங்கூந்தல் பெண்ணை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. நேரே போலீசுக்குப் போனார். கூட வந்த போலீஸ்காரரே காரின் கதவு தானாகத் திறந்ததைப் பார்த்தாராம். இரண்டு வருஷம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஒருவர் அவளுக்கு ஹெல்மெட் கொடுத்துப் பின்னால் உட்காரவைத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, பார்த்தால் ஹெல்மெட் மட்டும் பின்னால் மாட்டியிருக்கிறது. ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற பேயை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் தூக்கக் கலக்கம் என்று பெரியவன் சொல்கிறான். ஈஸ்டருக்கு ராத்திரி முழுக்க ஓட்டி வருகிறவர்கள்தானே, வளைவே இல்லாத ரோட்டில் கண் திறந்தபடியே கனவு வரும் என்கிறான். இருக்கலாம். ஆனால் எனக்கு வேறு யோசனை ஓடியது. அந்தப் புனித வெள்ளியன்று நாம் இரண்டு பேரும் டர்பன் பக்கம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூழுக்கு வரிசையில் நின்றிருப்போம். கரும்புத் தோட்டத்துக்காரன் ஈஸ்டருக்குத்தான் லீவு கொடுத்தான், அதனால் அம்மனும் ஈஸ்டருக்கே வந்துவிட்டாள் என்று ஆயா சொல்வாளே. அதே நாளில் இங்கே இப்படி.

அப்புறம் உங்கள் ஹைவே ஷீலா. சாட்ஸ்வர்த்தின் ஹிக்கின்சன் ஹைவேயில் வெள்ளை உடுப்போடு நின்று லிஃப்ட் கேட்கிறவள். எப்படிச் செத்தாள் என்பதில் சாட்ஸ்வர்த்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் ஒன்று கவனித்தாயா? டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டு விரட்டி நம்மவர்களைக் கொண்டுவந்து கொட்டிய இடம் சாட்ஸ்வர்த். 1960களுக்கு முன்னால் அப்படி ஓர் ஊரே கிடையாது. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள். கோயிலை நாமே கட்டிக்கொண்டோம், பேயும் தானாக வந்து சேர்ந்தது. ஷீலா வந்த பிறகுதான் அது ஊரானது என்று எனக்குத் தோன்றுகிறது.

யூனியன்டேல் கதை நடந்த காலத்தில் அந்த ரோட்டில் என் அப்பா போயிருந்தால் என்ன செய்திருப்பார்? 1976-ல் ராத்திரி நேரத்தில் தனியாக நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணைக் காரில் ஏற்றுவதா! வெள்ளைக்காரரும் மற்றவரும் உறவு வைத்தால் குற்றம் என்ற இம்மொராலிட்டி ஆக்ட் அப்போது உயிரோடு இருந்தது. பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பெண்ணாக இருந்துவிட்டால்தான் ஆபத்து. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வர அப்பா பெர்மிட் வாங்கியது உனக்கு ஞாபகமிருக்கும். வழியில் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் அந்தக் காலத்தில் நம்மவர்கள் குடியிருக்கவே கூடாது. ஹாரிஸ்மித் பக்கம் வந்தாலே அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், பட்கோஸ், அதுதான் வழிச் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஓடுகிற வண்டியிலேயே பிரிப்போம். இந்தத் தடவை அதே ஃப்ரீ ஸ்டேட்டை நடுவாகக் கடந்து, புளூம்ஃபான்டைனில் நிறுத்தி, நிதானமாக டீ குடித்தோம். இவர் இரண்டாவது கப் கேட்டார்.

சரி, பேய் வந்ததா என்று கேட்பாய். வில்லோமோர் தாண்டி, பொழுது சாயும் நேரம். ரோட்டோரம் ஒரு பெண் கையில் ராண்ட் நோட்டை நீட்டிப் பிடித்தபடி நின்றாள். பெரியவன் வேகத்தைக் குறைத்தான். இவர் "போடா, போடா" என்று கத்த, நான் நிறுத்தச் சொன்னேன். பண்ணையில் வேலை செய்கிற அம்மா, நம் வயதுதான் இருக்கும். கையில் பூசணிக்காய். யூனியன்டேல் வரை இவர் கழுத்தைத் திருப்பித் திருப்பி, அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் நானே எனக்குத் தெரிந்த அரைகுறை ஆஃப்ரிகான்ஸில் மரியாவைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் காரே ஆடியது. "எத்தனை வருஷமாக இங்கே நின்று கைகாட்டுகிறேன், ஒரு தடவையாவது என் பக்கத்தில் வந்து நின்றிருப்பாளா? அவளுக்கு மட்டும் எல்லாரும் நிறுத்துகிறார்கள்!" என்றாள்.

இறங்கும்போது காசு நீட்டினாள், வாங்கவில்லை. பூசணிக்காயில் பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டாள். ஜார்ஜில் அதைப் புளி போட்டுக் குழம்பு வைத்தேன், மருமகன் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

உன் அண்ணன் ஷீலாவைப் பார்த்ததாக ஒரு காலத்தில் அடித்துச் சொல்வாரே, இப்போதும் அப்படித்தான் சொல்கிறாரா? கேட்டு எழுது. அவர் அன்றைக்கு என்ன குடித்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கேள்.

அன்புடன்,
மீனாட்சி