ஜிம்முக்குள்ள விரிச்ச தேசப்படம்

அன்புள்ள அம்மாக்கு,

சுகமா இருக்கிறியளோ, அப்பான்ர கால் வீக்கம் வத்தினதோ. இஞ்ச குளிர் தொடங்கீட்டுது, நாங்கள் எல்லாரும் சுகம்.

போன கிழமை மகளின்ர பள்ளிக்கூடத்தில உதவிக்கு ஆள் கேட்டவை எண்டு போனனான். ஜிம்மில பாதியை அடைச்சு பாய் விரிச்ச மாதிரி கனடா தேசப்படம் ஒண்டு கிடக்கு, பிள்ளையள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அதுக்கு மேல நடந்து திரியினம். மாகாண எல்லைக்கோடு ஒண்டும் இல்லையம்மா, இந்த மண்ணின்ர பூர்வகுடிச் சனத்தின்ர இடங்களும் மொழியளும்தான். 2018 இல கனேடியன் ஜியோகிரபிக் எண்ட சஞ்சிகைக்காரர் அந்தச் சனத்தோட சேந்து செய்த அட்லஸோட வந்ததாம். வடக்கில இக்கலுயிட் எண்டு ஒரு ஊர், நிறைய மீன் உள்ள இடம் எண்டு கருத்து, வெள்ளைக்காரர் தங்கட கப்பல்காரன் ஒருத்தன்ர பேரை வச்சு ஃப்ரோபிஷர் பே எண்டு கூப்பிட்டவை, 1987 இலதான் பழைய பேர் திரும்பி வந்தது.

பிறகு ரீச்சர் செம்மஞ்சள் மூடியளைக் குடுத்து வதிவிடப் பள்ளிக்கூடங்கள் இருந்த இடத்தில வைக்கச் சொன்னவ. ஒரு 150,000 பூர்வகுடிப் பிள்ளையளைத் தாய்தேப்பனிட்ட இருந்து பிரிச்சு அங்க வச்சிருந்தவை, தங்கட பாஷை கதைச்சாலே தண்டனை. கடைசிப் பள்ளிக்கூடம் பூட்டினது 1990களில, நான் உங்க பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அம்மா. மகளைப் படத்தில ஒரு ஊரில நிப்பாட்டி அங்கயிருந்து பள்ளிக்கூடம் மட்டும் நடக்கச் சொல்லிச்சினம், நாலு அடி வச்சவள், ஒரு அடியே நூத்துக்கணக்கான கிலோமீற்றர், பிள்ளை அண்டிரவு முழுக்க என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுத்தவள்.

இன்னொண்டு, இதை அப்பாக்குக் கட்டாயம் வாசிச்சுக் காட்டுங்கோ. ரொறன்ரோ எண்டது மோஹாக் எண்ட பூர்வகுடிச் சனத்தின்ர பாஷையில தண்ணிக்குள்ள மரம் நிக்கிற இடமாம். உண்மையில அது வடக்கால சிம்கோ ஏரிப் பக்கம் ஒடுங்கின தண்ணிப் பாதை ஒண்டுக்குரிய பேர், அங்க 4000 வருசத்துக்கும் மேல தடி ஊண்டி மீனை மறிச்சுப் பிடிச்சிருக்கினம், எங்கட களங்கட்டி மாதிரியே! பிரெஞ்சுக்காரர் கீறின படங்களில அந்தப் பேர் கொஞ்சம் கொஞ்சமா தெற்கால நகந்து இப்ப நாங்கள் இருக்கிற இடத்துக்கு வந்திட்டுது. இவ்வளவு வருசமா விலாசத்தில எழுதுறன், கருத்துத் தெரியாது.

இப்ப மகள் எங்கட ஊரைத் தரையில கீறப்போறாளாம். கூகிள் மேப்பில ரோட்டுகளும் கோயிலும்தான் இருக்கு. பரவைக்கடலில அப்பா ஆக்கள் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பேர் சொல்லுறவை, எங்க ஆழம், எங்க தடி ஊண்டுறது எண்டு கேட்டு வொய்ஸ் மெசேஜில அனுப்புங்கோ, அப்பான்ர குரலிலயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கட மகள்