செபுவில் இருக்கும் தம்பிக்கு

சிங்கப்பூர்
ஞாயிறு, இரவு 9 மணி

அன்புள்ள தம்பி,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன திங்கட்கிழமை நீ வீடியோவில் வந்தபோது முக்கால் மணி நேரத்தில் நாற்பது நிமிஷத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்ததில் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டாய், நான் "சாப்பிட்டேன்" என்றேன். அதோடு சரி. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குறையாகச் சொல்லவில்லை. உங்கள் மார்மன் சபையில் ஊழியத்துக்குப் போகிற பிள்ளைகளை, 2019 பிப்ரவரிக்கு முன்னால் என்றால் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருஷத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டுக்குப் பேச விடுவார்களாம். அப்போது நீ போயிருந்தால் எனக்கு அந்த ஐந்து நிமிஷமும் கிடைத்திருக்காது.

நீ பேசும்போது நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "இது டெம்பரரிதாம்மா", "விசா வந்ததும் கிளம்பிடுவேன்", "அங்க போனப்புறம்தான் உண்மையான வேலை." ஒரே பேச்சில் மூன்று தடவை சொன்னாய். உனக்குப் பின்னால் சுவரோரமாக அந்தப் பெரிய பெட்டி நின்றதையும் பார்த்தேன். சாங்கி விமான நிலையத்தில் ஒட்டிய வெள்ளை டேக் கைப்பிடியில் அப்படியே தொங்குகிறது. மணிலாவில் பயிற்சி முடித்து, செபு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் திறக்கவில்லை, இல்லையா?

உனக்கு பெங்களூர் மிஷன், அதாவது தென்னிந்திய ஊழிய வட்டாரம், என்று கடிதம் வந்த அன்று இந்த வீட்டில் நடந்த கூத்து எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அழுதாள். அவர்கள் சபைக்காரர்கள் கேக் கொண்டுவந்தார்கள். 1993-இல் பெங்களூரைத் தனி மிஷனாகப் பிரிக்கிற வரைக்கும் இந்தியா சிங்கப்பூர் மிஷனோடுதான் இருந்தது என்று அதில் ஒரு பெரியவர் சொன்னார். நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், ஆனால் காரணம் வேறு. ஓ லெவல் தமிழில் சி5 வாங்கிவிட்டு, "இனிமே எனக்கும் தமிழுக்கும் ஒண்ணுமில்ல" என்று பையைத் தூக்கி எறிந்தவன் நீ. உன்னைத் தமிழ் பேசவே அனுப்புகிறார்களே என்று சிரித்தேன். கடைசியில் இந்திய விசா வரவில்லை, அது வரும்வரை நீ செபுவில் போய் உட்கார்ந்து அந்த ஊர் மொழியான பிசாயா படிக்கிறாய். உன்னிடமிருந்து தப்பிப்பதில் உன் தமிழ் கெட்டிதான்.

சரி, தற்காலிகம் என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 27 வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். அதில் முதல் ஆறு வருஷம் எனக்கென்று தடம் கிடையாது. யார் லீவு போடுகிறாரோ அவர் பஸ். காலை நாலரைக்கு டிப்போவுக்குப் போனால்தான் அன்றைக்கு யீஷூனா, பிடோக்கா என்று தெரியும். ஒருநாள் தோ பாயோவில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போய்விட்டேன். பஸ் முழுக்க "அங்கிள்! அங்கிள்!" என்று கத்தல். ஒரு சீனக் கிழவி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, கடைசி வரைக்கும் கையாலேயே வழி காட்டினாள். அவள் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. இறங்கவே இல்லை.

அப்போது நானும் உன்னை மாதிரிதான். நாளைக்கு வேறு தடம், எதற்கு முகத்தைப் பார்ப்பது என்று இருந்தேன். அந்த நேரத்தில் உட்லண்ட்ஸ் பக்கம் மூன்று வாரம் ஓட்ட வேண்டி வந்தது. அந்தத் தடத்து டிரைவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. தினமும் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு மக்சிக், வயசான மலாய் அம்மா, பெரிய கூடையோடு ஏறுவார். வாழை இலையில் கட்டின தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வியாபாரம். கூடையை ஏற்ற நான் இருக்கையிலிருந்து எழுந்து போய் ஒரு கை பிடிப்பேன். அவர் "தெரிமா காசே" என்பார், நான் "சாமா சாமா" என்பேன். இரண்டாவது வாரம் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது வாரம் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார், அப்போது உன் அம்மாவைப் பெண் பார்த்திருந்த சமயம்.

கடைசி நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது, பஸ் டிரைவர்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து டிப்போ கேண்டீனில் அந்த முட்டிக்கார டிரைவர் சொல்கிறார்: "அந்த மக்சிக் தினமும் உன்னைக் கேட்டுச்சுப்பா. உனக்குன்னு ஒரு பொட்டலம்கூடக் கொடுத்துச்சு." எங்கே அது என்று கேட்டேன். "நான் சாப்பிட்டுட்டேன்" என்றார்! இன்றைக்கும் வாழை இலை வாசனை வந்தால் அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வரும். என் மேலும்தான்.

தினமும் சாயங்காலம் உனக்கும் உன்னோடு ஊழியம் செய்கிற பையனுக்கும் சோறு எடுத்து வைக்கிற அந்தப் பெட்டிக்கடை அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, உங்கள் சபையில் கூடாது என்று நீ காப்பி வேண்டாம் என்றதும் முகம் வாடிப்போய், அடுத்த நாள் மைலோ வாங்கி வைத்திருந்தார் என்று. அவர் பெயர் என்ன என்று அம்மா கேட்டாள். நீ "தெரியலம்மா, எல்லாரும் நானாய்னு கூப்பிடுவாங்க" என்றாய். பெயரைக் கேட்டு வைத்துக்கொள். விசா வந்தால் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பு.

மொழி வரவில்லை என்று நீ சோர்ந்து போவது முகத்திலேயே தெரிகிறது. உன்னோடு இருக்கிற அந்தக் கம்பேனியன் வடக்கே இலோக்கோஸ் பக்கத்துப் பையன், அவனுக்கே பிசாயா சொந்த மொழி இல்லை என்றாய். அப்புறம் உனக்கு என்ன வெட்கம்? ஒன்று சொல்கிறேன். அம்மா உன் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் அல்லவா, அதை நான் பார்த்தேன். அனாக், மாத்தா, லாங்கிட், லிமா, பாயோங் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறாய். டேய், இதெல்லாம் நம்ம மலாய்! பிள்ளை, கண், வானம், ஐந்து, குடை. கம்பத்தில் (மலாய் கிராமத்தில்) வளர்ந்த எனக்கு அதில் பாதி பாடமே இல்லை. 1521-இல் மாலுமி மெகல்லன் அந்தப் பக்கம் வந்தபோது, அவனோடு வந்த என்ரிக்கே என்கிற மலாக்கா அடிமை பேசின மலாய்தான் அந்தத் தீவுக்காரர்களுக்குப் புரிந்ததாம். நீ விமானத்தில் இறங்கின மக்தான் தீவில்தான் மெகல்லனை வெட்டிப் போட்டார்கள். பேசத் தெரிந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று அப்போதே தெரிந்திருக்கிறது பார்.

இன்னொன்று, அங்கே மாம்பழத்துக்கு என்ன சொல்கிறார்கள்? மங்கா. மலாயிலும் அதுதான். அது நம்ம மாங்காய்தான், கப்பலேறிப் போனது. நீ போவதற்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தமிழ் வார்த்தை செபுவில் போய்க் குடியேறிவிட்டது. அதுவும் விசா இல்லாமல்.

நான் உங்கள் சபைக்கு வருகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை உங்களைப் புக்கிட் தீமா ரோட்டில் இறக்கிவிட்டு, நான் தேக்காவுக்குப் போய் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, மீன் வாங்கிக்கொண்டு, உங்கள் சபைக்கு டீயும் ஆகாது என்பதால் வீட்டில் கிடைக்காத தே தாரிக்கை (ஆற்றின பால் டீ) இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு வருகிறேன். மார்மன் என்று நான் சொன்னால் அம்மா திருத்துவாள். 2018-இல் இருந்து முழுப் பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ஸ்டாப் கடந்துவிடும். தேசிய சேவைக்கு இரண்டு வருஷம் கொடுத்தாய், அது சட்டம். அது முடிந்த கையோடு இன்னும் இரண்டு வருஷமா என்று நான் சத்தம் போட்டது உண்மை. அந்தச் சத்தத்தை வாபஸ் வாங்கிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஏன் என்று கேட்டால், உன் சட்டைப்பையில் குத்தியிருக்கிற அந்தக் கறுப்புப் பெயர் அட்டை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அடையாள அட்டையில் 'இன்னார் மகன்' என்றுதான் இருக்கும். அதனால் ஊழியக்காரப் பையன்களுக்குக் கொடுக்கிற 'எல்டர்' பட்டத்தைப் போட்டு, கீழே என் பெயரைப் பொறித்துவிட்டார்கள். வீடியோவில் அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மார்மன் புத்தகத்தை ஒரு பக்கம் படிக்காதவன் பெயரைச் சொல்லி, செபுவில் ஒரு தெரு முழுக்க உன்னைக் கூப்பிடுகிறது. எனக்கும் அந்த ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது என்பதை மறக்காதே. ஷூவைத் துடைத்துப் போடு.

அம்மா ஆறரைக்கு எழுந்து உனக்காக ஜெபம் செய்கிறாள், நீயும் அந்த நேரத்தில்தான் எழுவாய் என்று. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருக்கிறாள், அப்போது மட்டும் நான் வீட்டில் சமைக்காமல் கீழே கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். வேறு விசேஷம் இல்லை. லிஃப்டை மறுபடி ரிப்பேர் பார்க்கிறார்கள்.

கடைசியாக, அந்தப் பெட்டியைத் திற. அடியில் என் பழைய நீலத் துண்டில் சுற்றி ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன், தேக்காவில் வாங்கிய மாங்காய் ஊறுகாய். அம்மாவுக்குத் தெரியாது. மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன், ஆனாலும் நல்லெண்ணெய் டேப்புக்கெல்லாம் கட்டுப்படாது. அதற்கு மேலேதான் உன் வெள்ளைச் சட்டைகள் நாலு இருக்கின்றன. சீக்கிரம் பார்.

அன்புடன்,
அப்பா