நோடும் லிங்க்கும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் பாலம், கட்டடம் என்று இருந்துவிட்டு ஆற்றுப்படுகை மாடலிங் பக்கம், அதாவது ஆற்றுநீரின் போக்கைக் கணினியில் கணக்கிடும் வேலைக்கு வந்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது, உன்னை விசாரித்தார்கள்.

நீ அனுப்பிய மாடல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு வளைகிற இடத்தில் எல்லாம் ஒரு நோடு, அதாவது ஒரு கணுப்புள்ளி வைத்திருக்கிறாய். சோர்ஸ் மாதிரியான ஆற்று மாடலிங் மென்பொருளில் வளைவு நெளிவு கணக்கிலேயே வராது. தண்ணீருக்கு ஏதாவது நடக்கிற இடத்தில் மட்டும் நோடு வை: துணையாறு சேருமிடம், அணை, கால்வாய் பிரியுமிடம், பாசனத்துக்கோ குடிநீருக்கோ எடுக்குமிடம், இவ்வளவாவது ஓடியாக வேண்டும் என்று விதி இருக்கிற இடம். ஆற்றோட்டத்தை அளக்கும் அளவை நிலையம் இருந்தால் அங்கும் ஒன்று வை, கணக்கைச் சரிபார்க்க அதுதான் ஆதாரம். மற்றதை எடுத்துவிடு. நோடு கூடக் கூட, பின்னால் யார் வந்து பார்த்தாலும் எது எதற்கு என்று புரியாது.

நோடுகளை இணைக்கிற லிங்க்கைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வெறும் கோடு என்று நினைத்து விட்டுவிடாதே. நேரம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. தண்ணீர் எத்தனை நாளில் போய்ச் சேரும், போகிற வழியில் வெள்ள உச்சம் எவ்வளவு தணியும் என்பதையெல்லாம் லிங்க்தான் தீர்மானிக்கிறது. வெள்ளம் ஆற்றில் நகர்வதைக் கணக்கிட 1938-ல் மெக்கார்த்தி கொடுத்த மஸ்கிங்கம் முறையைப் படித்திருப்பாய். அதில் இரண்டே எண்கள்: பயண நேரம் கே, மேலிருந்து வரும் வரத்துக்குக் கணக்கில் எவ்வளவு எடை என்று சொல்லும் எக்ஸ். எக்ஸ் 0-க்கும் 0.5-க்கும் நடுவில் இருக்கும்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார். கே 2 நாள், எக்ஸ் 0.2, காலப்படி (கணக்கு ஒரு தடவைக்கு நகரும் நேரம்) 1 நாள். ஆற்றில் வினாடிக்கு 100 கனமீட்டர் நிதானமாக ஓடுகிறது. ஒரே ஒரு நாள் மட்டும் 500 வருகிறது. கீழ் முனையில் அன்றைக்கு 119, மறுநாள் 281, அடுத்து 195, அதற்கடுத்து 150 என்று இறங்கும். உச்சம் ஒரு நாள் தள்ளிப்போய், பாதிக்கும் சற்று மேலாகவே நிற்கிறது. இப்போது எக்ஸை மட்டும் 0.4 ஆக்கு. வெள்ளம் மேலே நுழைகிற அன்றைக்குக் கீழே ஓட்டம் 29-க்குச் சரிந்துவிடும்! எந்த ஆறும் அப்படி நடந்துகொள்ளாது. கேயையும் எக்ஸையும் பெருக்கி இரண்டு மடங்காக்கினால் 1.6 வருகிறது, அது காலப்படியைத் தாண்டக் கூடாது. அந்த லிங்க்கை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கே 1 நாள் கொடுத்தால் 0.8 ஆகிவிடும், தொல்லை தீர்ந்தது. கணக்குக்காக மட்டும் நடுவில் நோடு சேர்க்கலாம் என்று நான் ஒத்துக்கொள்கிற ஒரே இடம் இது.

இந்தப் பயண நேரம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சோர்ஸில் ஒவ்வொரு காலப்படியிலும் முதலில் தண்ணீர்த் தேவையின் கணக்கு கீழிருந்து மேலே ஏறும், பிறகு தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும். வயல் அணையிலிருந்து நான்கு நாள் தூரத்தில் இருந்தால், நான்கு நாள் கழித்து வேண்டிய தண்ணீரை அணை இன்றைக்கே திறந்தாக வேண்டும். இடையில் மழை பெய்துவிட்டால், திறந்துவிட்ட அந்தத் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் தாண்டிப் போகும். லிங்க்கில் நேரத்தைப் போடாத மாடலில் அணை அன்றன்றைக்குத் திறந்து அன்றன்றைக்கே வயலை நனைத்துவிடும், ஒரு சொட்டும் வீணாகாது. அதை நம்பி யாராவது பாசனத் திட்டம் போட்டால் என்ன ஆகும், நினைத்துப் பார்.

இரண்டு அளவை நிலையங்களுக்கு நடுவே ஓட்டம் வினாடிக்கு 20 கனமீட்டர் குறைகிறது என்று எழுதியிருக்கிறாய். உடனே அதை இழப்பு நோடில் போட்டு மூடிவிடாதே. நிலையம் அளப்பது நீர்மட்டத்தை. அதை ஓட்டமாக மாற்றுவது ஒரு வளைகோடு. பெருவெள்ளத்தில் அந்தக் கோடு அளந்த புள்ளிகளையும் தாண்டி ஊகமாக நீட்டப்பட்டிருக்கும். வறண்ட மாதங்களிலும் அதே குறைவு தெரிகிறதா என்று முதலில் பார். தெரிந்தால் மணலில் இறங்குகிறது, ஆவியாகிறது, அல்லது யாரோ எடுக்கிறார்கள். வெள்ளத்தில் மட்டும் தெரிந்தால் வளைகோட்டைச் சந்தேகி. கரை தாண்டிப் பரவுகிறதா என்றும் விசாரி. அளவை நிலையமே இல்லாத சின்ன ஓடைகள் நடுவில் வந்து சேர்ந்தால் உண்மையான இழப்பு நீ பார்க்கிற 20-ஐ விடக் கூடுதல்.

சரிபார்க்கும்போது மேலிருந்து, இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு நீட்சியாக வா. மேல் நிலையத்தில் அளந்த ஓட்டத்தையே உள்ளே கொடு, அப்போது மேலே உள்ள பிழை கீழே வராது. கடைசியில் அப்படி உள்ளே கொடுத்த அளவுகளை எடுத்துவிட்டு முழு ஆற்றையும் ஓட்டிப் பார்க்க மறக்காதே. நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

லிங்க் பட்டியலை கே, எக்ஸ் மதிப்புகளோடு அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அந்த இரண்டு நிலையங்களின் கோடை மாத அளவுகளும் இருந்தால் கூடவே வை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்