கன்ட்ரோல் ரூம் என்றால் டம்மி போஸ்டிங்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர்களின் பணிச்சுமை பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வார விடுப்பு, எட்டு மணி நேர வேலை என்று எழுதியதெல்லாம் சரி. ஆனால் 100-க்கோ 108-க்கோ அடித்தால் போனை எடுக்கிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் ஒரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்து, வயர்லெஸ் மைக் பிடித்தவன்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கவாத்து, சட்டம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் இருந்தது. போனில் கதறுகிறவரிடம் எதை முதலில் கேட்பது என்று ஒரு வகுப்பும் கிடையாது. கன்ட்ரோல் ரூம் என்றாலே டம்மி போஸ்டிங் என்ற நினைப்பு வேறு. முதுகுவலிக்காரர், மேலதிகாரியிடம் முறைத்துக்கொண்டவர் என்று பார்த்து அங்கே தள்ளுவார்கள். வந்தவரும் வேலை பிடிபடுவதற்குள் சிபாரிசு பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

"புதூர்ல வெட்டிட்டாங்க சார்" என்பார்கள், லைன் கட்டாகிவிடும். எந்தப் புதூர்? மதுரையில் கே.புதூர் இருக்கிறது, அம்பத்தூரில் ஒன்று, விளாத்திகுளம் பக்கம் ஒன்று. இப்போது அழைப்பு சென்னைக்குப் போய்த்தான் மாவட்டத்துக்கு வருகிறது. கம்ப்யூட்டர் செல்போன் டவரைக் காட்டும், சரி. திரும்ப அழைத்து, ஊரணிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பதறுகிறவரிடம் கேட்டு வாங்க, பழகிய ஆள்தான் வேண்டும்.

108-இலும் இதே கதைதான். பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை, கைநடுங்கி நிற்கும் மகனை போனிலேயே எண்ணச் சொல்லி அழுத்தவைப்பது லேசான காரியமா? அப்படித் தேறிய ஒருவர், சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று லோன் விற்கும் கால் சென்டருக்குப் போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பயிற்சிக்குச் செலவழித்ததும் அவரோடு போய்விடுகிறது.

2021-இல் காவலர்களுக்கு வார விடுப்பு அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் தென்மாவட்டங்களில் செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் ஆரம்பித்தால், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை முடியும்வரை பந்தோபஸ்துதான். ஆள் குறைந்தால் முதலில் கன்ட்ரோல் ரூமிலிருந்துதான் உருவுவார்கள். மிச்சம் இருப்பவர் இரண்டு ஷிஃப்ட் பார்ப்பார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்துடன் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தூங்காதவனுக்கு மனநலப் பயிற்சி கொடுத்து என்ன செய்ய?

மைக் பிடிப்பவரைப் பந்தோபஸ்துக்கு இழுக்கக் கூடாது என்று தனி உத்தரவு வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் அங்கேயே இருப்பவருக்குத் தனிப்படி கொடுங்கள். 108-இல் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அனுபவத்துக்கு ஏற்ற ஊதிய உயர்வு தேவை. அப்புறம், காசு செலவில்லாத ஒன்று: வண்டியை அனுப்பியதோடு எங்களுக்கு எல்லாம் முடிந்துவிடும், அடிபட்டவர் பிழைத்தாரா என்று யாரும் சொல்வதில்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் அந்தத் தகவலைப் போன் எடுத்தவருக்குத் தெரிவிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
விருதுநகர்.